சயான் மடல்: பதினைந்து நாளும் பின்வரும் நாள்களும்



கோளிவாடாப் பக்கம் வசிக்கும் சகோதரி ஒருவர் சங்கத்தின் முகவரிக்கு எனக்கொரு கடிதம் விடுத்திருந்தார். பெயரை வெளியிட வேண்டாமென்றும், விஷயத்தை எழுதுவதில் தமக்குத் தடையில்லை என்றும் குறித்திருந்தார். மார்பில் கட்டி கண்டு, அறுவைச் சிகிச்சை முடித்து, கீமோ எனப்படும் மருந்தேற்றலும் முடித்து, அவர் அப்போது பரேலுக்குக் கதிர்ச் சிகிச்சைக்காகப் போய்வந்துகொண்டிருந்தார். மொத்தம் 15 முறை என்று சொல்லியிருந்தார்கள். 9 முறை முடிந்திருந்தது. அந்நிலையில் அவர் கேட்டவை இரண்டு. "மேசையில் ஐந்து நிமிடம் படுத்து எழுந்து வருவதற்கு இத்தனை அலுப்பா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. இது நோய் முற்றுவதன் அடையாளமா, அல்லது என் சோம்பலா?" என்பது ஒன்று. நாகர்கோவிலில் மைத்துனர் மகளுக்குக் கலியாணம். பத்து நாள் சிகிச்சையை நிறுத்திவைத்து, போய்வந்து, மீதியைத் தொடரலாமா என்பது மற்றொன்று.

நான் வைத்தியன் அல்லன். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவன். ஆயினும் இரண்டாவது கேள்விக்குத் தாமதமாகப் பதில் எழுதுவது தகாது என்று எண்ணி, அறிந்தவர்களை விசாரித்து, அன்றே எழுதினேன். நிறுத்தலாகாது, நிறுத்தவே கூடாது என்பதே நான் எழுதியதன் சாரம். முதற் கேள்விக்குத்தான் இந்த மடல்.

நிறுத்தக் கூடாது என்பதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கதிர்ச் சிகிச்சை என்பது ஒரே நாளில் கொடுத்து முடிக்கும் மருந்தன்று. வேண்டிய அளவைச் சிறு பங்குகளாக்கி, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொன்றாகக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பங்கிலும் நல்ல அணுக்களும் அடிபடுகின்றன, கெட்ட அணுக்களும் அடிபடுகின்றன. நல்லவை அடுத்த நாளைக்குள் பெரும்பாலும் தம்மைச் சீர்செய்துகொள்கின்றன. கெட்டவற்றுக்கு அத்திறமை குறைவு. சனி, ஞாயிறு விடுமுறையும் இந்தக் கணக்கில் அடங்கியதே. ஆனால் நாமாக நடுவில் பத்து நாள் விட்டால், எஞ்சி நிற்கும் கெட்ட அணுக்கள் மீண்டும் பெருகுவதற்கு அவகாசம் கொடுத்தவர்களாவோம். யந்திரம் பழுதானாலோ காய்ச்சல் கண்டாலோ ஓரிரு நாள் தவறுவது உண்டு; அதை ஈடுசெய்ய மருத்துவர்களுக்கு வழி தெரியும். அது வேறு, கலியாணத்துக்கு விடுப்பு எடுப்பது வேறு.

முன்னெல்லாம் இந்தச் சிகிச்சை 25 முறை, அதாவது ஐந்து வாரம் நடந்தது. கனடாவிலும் பிரிட்டனிலும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2010லும் 2013லும் நீண்டகால முடிவுகள் வெளிவந்தன. ஒவ்வொரு பங்கையும் சற்றுக் கூட்டி, 15 அல்லது 16 முறையில் மூன்று வாரத்தில் முடித்தாலும் பலன் குறைவதில்லை என்று அவை காட்டின. 2020ல் வெளிவந்த மற்றொரு பிரிட்டிஷ் ஆராய்ச்சி, தக்கவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 முறையாகவும் கொடுக்கலாம் என்றது. சிலருக்குக் கட்டி இருந்த இடத்திற்கென்று சில முறை கூடுதலாகக் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது மருத்துவர் முடிவு. நம்போன்றோருக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. ஐந்து வாரம் தினசரி ரயிலேறுவதற்கும் மூன்று வாரம் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம், லோக்கல் வண்டியில் தொங்கிப் பழகியவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இனி அலுப்பைப் பற்றி.

ஊரில் இச்சிகிச்சையைக் 'கரண்டு வைப்பது' என்பார்கள். பரேலில் வடநாட்டவர் 'சேக்' என்கிறார்கள், ஒத்தடம் கொடுப்பதுபோல. இரண்டு சொல்லும் ஒரு விதத்தில் கெடுதல் செய்கின்றன. கரண்டு என்றால் அதிர வேண்டும், ஒத்தடம் என்றால் சுட வேண்டும். இதிலோ ஒன்றும் தெரிவதில்லை. வலியில்லை, சூடில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும், யந்திரம் சுற்றிவரும், சில நிமிடங்களில் எழுந்து உடுத்திக்கொண்டு வந்துவிடலாம். எனவே முதல் வாரத்தில் நோயாளியும் வீட்டாரும், "இவ்வளவுதானா!" என்று மகிழ்கிறார்கள். அலுப்பு பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோதான் தலைகாட்டுகிறது. நாளுக்கு நாள் சேர்ந்து, சிகிச்சை முடியும் தறுவாயிலும் அதற்கடுத்த ஓரிரு வாரங்களிலும் உச்சத்தை அடைகிறது. பின்னர் மெல்லமெல்லத் தணிகிறது. சிலருக்குச் சில வாரங்கள். முன்பே கீமோ ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சில மாதங்களும் ஆகலாம்.

இது உழைத்தவனுக்கு வரும் களைப்புப் போன்றதன்று. உழைத்த களைப்பு ஓர் இரவு உறங்கினால் தீரும். இது உறங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். அடிபட்ட அணுக்களைச் செப்பனிட உடல் இரவுபகலாய்ப் பாடுபடுகிறது. அவ்விடத்து அழற்சியின் விளைவாக இரத்தத்தில் கலக்கும் பொருள்கள் மூளையையும் தொட்டுச் சோர்வூட்டுகின்றன என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அதன்மேல் தினசரிப் பயணம், கவலை, உறக்கக் குறைவு. ஆகவே சகோதரியின் கேள்விக்கு விடை: இவ்வலுப்பு நோய் முற்றுவதன் அடையாளமன்று, சோம்பலுமன்று. சிகிச்சையின் எதிர்பார்த்த விளைவுகளில் ஒன்று. ஆயினும் அதை மருத்துவரிடம் சொல்லாமலிருப்பது தவறு. இரத்தச் சோகையோ தைராய்டுக் குறைவோ கூடவே இருந்தால் அலுப்பு இரட்டிக்கும். இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டு மருந்து கொடுக்கலாம். காய்ச்சல், மூச்சுத் திணறல், தொடர்ந்த இருமல் இருந்தால் அதை அலுப்போடு சேர்த்து எண்ணி விட்டுவிடாமல் அன்றே சொல்ல வேண்டும்.

நிற்க. எங்கள் ரயில்வேயில் ஒரு விதி உண்டு. எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வண்டி ஓட்டி வந்த டிரைவருக்கு, அவருடைய தலைமையிடத்தில் 16 மணி நேரம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். அவர் "எனக்கு அலுப்பில்லை" என்று சொன்னாலும் விதி விதிதான். ஏனெனில் அவர் ஓய்ந்திருப்பது அவருக்காக மட்டுமன்று. பின்னால் பெட்டிகளில் இருக்கும் ஆயிரம் பேருக்காகவும் ஆகும். நம் வீட்டுத் தாய்மார்களுக்கு இப்படியொரு ரோஸ்டர் எழுதியவர் எவருமில்லை. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும், பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு டப்பா கட்ட வேண்டும். கணவர் ஷிப்டுக்குப் போகுமுன் காப்பி. துணி, பாத்திரம், ரேஷன், பள்ளிக்கூடத்து மீட்டிங், மாமியாரின் மருந்து. இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் நமது சகோதரி பரேலுக்கு வண்டியேறுகிறார். மாலையில் திரும்பியதும் மீண்டும் அடுப்பு. அலுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள், கதிர் யந்திரத்தை விட்டுவிட்டு இந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

நான் அவருக்கு எழுதிய யோசனை, அலுப்பைக் கணக்கெழுதுவது. ஒரு பழைய நோட்டில் நான்கு நாள் குறித்து வாருங்கள். எந்த வேளையில் உடம்பு சற்று நன்றாக இருக்கிறது, எப்போது சாய்ந்தால் போதுமென்றிருக்கிறது என்று. பலருக்குக் காலை பத்து மணிக்குள் தெம்பு இருக்கும், சிலருக்கு மாலை. நல்ல வேளையை, தாம் மட்டுமே செய்யக்கூடிய, செய்ய விரும்பும் காரியத்திற்கு ஒதுக்க வேண்டும். மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது அவருக்குப் பிரியமானால் அதற்குத்தான் அவ்வேளை, பாத்திரத்திற்கு அன்று. மீதியை மற்றவர்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். பெயர் போட்டு மாற்ற வேண்டும் என்பதை வற்புறுத்துகிறேன். "எல்லோரும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை என்பது அலுவலகத்தில் நான் தினமும் காணும் காட்சி.

தண்ணீர்க் குடம் மூத்த மகனுக்கு. இதில் இன்னொரு காரணமும் உண்டு. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கையில் நீர் கோத்து வீக்கம் வர வாய்ப்புண்டு. கையைப் பயன்படுத்தாமல் முடக்கிவைப்பதும் கூடாது. படிப்படியாகப் பழக்காமல் திடீரென நிறைகுடம் தூக்குவதும் கூடாது. மருத்துவமனையில் சொல்லித்தரும் கைப்பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும்; தோள் இறுகிவிட்டால் மேசையில் கையை உயர்த்திப் படுப்பதே வேதனையாகிவிடும். சமையல் கணவருக்கு. குக்கரில் சோறும் பருப்பும் வைப்பது வண்டி ஓட்டுவதைவிடக் கடினமன்று. மாவரைப்பதை அந்த இரண்டு மூன்று மாதத்திற்கு விட்டுவிடலாம். மாட்டுங்காவில் மாவு கிடைக்கிறது. தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுசென்று விற்கிறவர்கள் நம்மவர்களே. வீட்டில் அரைத்த மாவின் ருசி வராது என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். வராதுதான், அவர் ஒருநாளேனும் அரைத்தவரா என்று நான் கேட்கவில்லை.

படுத்தே கிடந்தால் அலுப்பு தீருமா என்றால், தீராது, கூடும். இதைக் கேட்டு எனக்கும் வியப்பாகத்தான் இருந்தது. தினமும் சிறிது நடப்பவர்களுக்கு அலுப்புக் குறைகிறதென்று பல நாட்டு ஆராய்ச்சிகள் ஒருமுகமாகச் சொல்கின்றன. பத்து நிமிடத்தில் தொடங்கி, முடிந்தவரை கூட்டிக்கொண்டு போகலாம். நம் பகுதியில் சயான் கோட்டையடிப் பூங்கா இருக்கிறது. தூரமானால் கட்டடத்தின் தாழ்வாரமே போதும். பகலில் சாய்வதானால் அரைமணி நேரம் போதும். மாலைவரை உறங்கினால் இரவு உறக்கம் போய்விடும். பரேல் டாட்டா மருத்துவமனையிலேயே மார்பகப் புற்றுநோய்ப் பெண்களுக்கு யோகப் பயிற்சி அளித்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2022ல் அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரில் நடந்த மாநாட்டில் வெளியாயின. அலுப்பும் வலியும் குறைந்தன என்பது அவற்றுள் ஒன்று. மருத்துவத்திற்குப் பதிலாக யோகம் என்று இதைத் திரித்துக்கொள்ள வேண்டாம். மருத்துவத்தோடு கூட யோகம் என்பதே அவர்கள் சொன்னது.

தோலைப் பற்றிச் சில வார்த்தை. கதிர் படும் இடம் வெயிலில் காய்ந்ததுபோல் கறுக்கும், அரிக்கும், சிலருக்கு உரியும். நம் பெண்டிர்க்கு மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம். அந்த இடத்தில் அது வேண்டாம். சந்தனம், எண்ணெய், பவுடர் எதுவாயினும் மருத்துவர் சொல்லாமல் பூசலாகாது. யந்திரத்தைக் குறிபார்க்கத் தோலில் மையால் இட்ட கோடுகளைத் தேய்த்துக் கழுவிவிடக் கூடாது. இறுக்கமான ரவிக்கையை விடுத்துத் தளர்ந்த பருத்தித் துணி உடுப்பது நலம்.

ரயிலைப் பற்றி எழுதாவிட்டால் இந்த மடலுக்கு நான் தகுதியற்றவன். சயானிலிருந்து ஸ்லோ வண்டியில் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். மூன்றாவது நிலையந்தான், ஆனால் காலைக் கூட்டத்தில் மார்பில் தையலோடு ஏறும் ஒரு பெண்ணுக்கு அது முந்நூறு மைல். மாற்றுத் திறனாளிகளுக்கென்று ஒதுக்கிய பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனைச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். தெரிந்தவர்களும் கூச்சத்தால் ஏறுவதில்லை. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று யாரேனும் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். கேட்டால் சான்றைக் காட்டுங்கள், அவ்வளவே. சிகிச்சை நேரத்தைக் கூட்டம் தணிந்த வேளைக்கு மாற்றித்தரும்படி முதல் நாளே கேட்டுப் பார்ப்பதிலும் தவறில்லை.

சயானிலும் தாராவியிலும் செம்பூரிலும் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து பரேல் சிகிச்சைக்கென்றே வந்து தங்கும் உறவினர் உண்டு. அவர்களுக்கு: புற்றுநோயாளி சிகிச்சைக்கும் பின்தொடர் பரிசோதனைக்கும் பயணம் செய்கையில், ஸ்லீப்பர் வகுப்பிலும் குளிர்சாதன மூன்றடுக்கிலும் அவருக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் வருபவர் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இருவருக்குமே 75 சதவீதம். குறித்த படிவத்தில் மருத்துவமனையின் சான்று வேண்டும். விதிகள் மாறுவதுண்டாதலால், வாங்குமுன் கவுண்டரில் கேட்டுக்கொள்க. கேட்டால் எரிந்துவிழும் குமாஸ்தாவும் இருக்கலாம், மறுபடியும் கேளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் சகோதரி சிறிய எழுத்தில் மற்றொன்றும் எழுதியிருந்தார். மாமியார் தமக்குத் தனித் தட்டு வைத்துவிட்டாரென்றும், ஏழு வயது மகளைக் கதிர் தொற்றிவிடும் என்று அருகில் படுக்க விடுவதில்லை என்றும். அதைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். புற்றுநோய் தட்டினாலும் தும்மலாலும் ஒட்டுவதன்று. வெளியிலிருந்து யந்திரத்தால் கொடுக்கும் கதிர், யந்திரம் நின்ற கணமே நின்றுவிடுகிறது, உடம்பில் தங்குவதில்லை. மேசையிலிருந்து இறங்கிய தாய் தன் குழந்தையை உடனே மடியில் வைத்துக்கொள்ளலாம். மாமியார் கெட்டவரல்லர், பேத்திக்காகப் பயந்தவர். அவரையும் ஒருநாள் பரேலுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள செவிலியரிடமே கேட்கச் செய்யும்படி எழுதினேன்.

கட்டடத்தில் யாருக்கும் நோயின் பெயர் தெரியாது; 'சின்ன ஆப்பரேஷன்' என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைக்கு நாளை வரன் பார்க்கையில் குறுக்கே நிற்குமாம். மறைத்ததன் பலன், உதவி செய்யக்கூடிய பக்கத்து வீட்டாரும் உதவ வழியில்லாமல் போனது. நாம் மறைக்கும் இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் துணிந்தவர்கள் நம் இனத்திலேயே முன்பு இருந்தார்கள். 1912ல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வீட்டோடு அழுது முடிக்காமல், பல்லாண்டு போராடி 1954ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021ல் தமது 93ஆம் வயதில் மறையும்வரை அவ்விடத்தை விட்டு நீங்கவில்லை. பரேல் மருத்துவமனையும் இவ்வாறே; லேடி மெஹர்பாய் டாட்டா இரத்தப் புற்றால் 1931ல் இறந்ததன் நினைவில் எழுந்து, 1941ல் திறக்கப்பட்டது. 1962 முதல் அணுசக்தித் துறையின் பொறுப்பில் நடைபெறுகிறது. கட்டடத்தில் நம்பிக்கையான இரண்டு பெண்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று சகோதரிக்கு எழுதினேன்.

பதில் வந்திருக்கிறது. கலியாணத்துக்குக் கணவர் மட்டும் போய் வந்தாராம். 15 முறையும் தவறாமல் முடிந்துவிட்டன. முடிந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்களாம். மறுநாள் காலை எல்லா வேலையும் பழையபடி அவர் பெயருக்கே திரும்பிவிட்டதாம், "அதுதான் முடிந்துவிட்டதே" என்று. இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகள் இடறுகின்றன. மருத்துவமனைக்குப் போகும் வேலைதான் முடிந்தது. அலுப்பின் உச்சம் அப்போதுதான் தொடங்குகிறது என்று மேலே எழுதியதை அவர் கணவர் படிக்கவேண்டுமென்பதற்காகவே இம்மாதம் இதை அச்சுக்குத் தருகிறேன். அடுத்த ஆறு வாரத்திற்கேனும் பழைய ஏற்பாடு மாறக் கூடாது; அதன் பின்னும் ஒவ்வொரு வேலையாக, அவர் கேட்டு வாங்கிக்கொண்டால் மட்டுமே திரும்பிச் செல்லலாம்.

மகள் இப்போது அருகில்தான் படுக்கிறாளாம். மாமியார் பரேலுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, தனித் தட்டைத் தாமே எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். தண்ணீர்க் குடத்தை மட்டும் மகன், "அம்மாவுக்குத்தான் சரியாகிவிட்டதே, இன்னும் நான்தானா?" என்று கேட்கிறானாம். இன்னும் நீதான் தம்பி என்று அவனுக்கும் தனியே ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறேன்.